அமைதி அறைக்கு ஒரு சைரன்

சுலோஜனா ரீச்சர் கேட்டது ஒரே ஒரு உதவி. இரண்டாம் வகுப்பு வாசலுக்குப் பக்கத்தில் வாகை மரத்தில் மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டை அவிழ்த்து, மைதானத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் வேப்பமரத்தில் கட்ட வேண்டும். அதற்கு ஒரு ஆளும் ஒரு கயிறும் போதும். ஆள் பாடசாலையிலேயே இருந்தார். பெயர் சில்வெஸ்டர்; காவலாளி, மணி அடிப்பவரும் அவர்தான். கயிறும் அவரிடம் இருந்தது.

வலயக் கல்வி அலுவலகம் அந்த உதவியைச் செய்து கொடுத்தது. செய்து முடித்தபோது பாடசாலையில் ஒரு புதிய அறையும் ஒரு சைரனும் ஒரு விசாரணைக் கோவையும் சேர்ந்திருந்தன.

பாடசாலை, செட்டிபாளையத்தைத் தாண்டி, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த ஒரு கிராமத்தில் இருந்தது. பழைய கட்டடத்தைச் சுனாமி கொண்டுபோனது. புதிய கட்டடத்தைப் பல நாடுகள் சேர்ந்து கட்டின. தண்ணீர்த் தாங்கியில் ஒரு நாட்டின் கொடி, மலசலகூடக் கதவில் இன்னொரு நாட்டின் கொடி. உலகப் படத்தைக் காட்டினால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாடுகளைச் சரியாகவே அடையாளம் சொல்வார்கள்: "இது தண்ணித் தாங்கி, இது கக்கூசு."

பழைய பாடசாலையில் மிஞ்சியது தண்டவாளத் துண்டு மட்டும்தான். மேசை போனது, அலுமாரி போனது, கூரை போனது. வாகை மரமும் அதில் தொங்கிய இரும்பும் நின்றன. அதனால் அதிபர் நல்லரத்தினத்துக்கு அதன்மேல் ஒரு பயபக்தி.

"கடலே அதை அசைக்கயில்ல புள்ள," என்றார் அவர். "நான் எப்பிடி அசைக்கிற?"

சுலோஜனா அதிகம் பேசுகிறவள் அல்ல. ஆனாலும் நின்றாள். "கம்சாயினிக்காகத்தான் சேர்."

"தெரியும். இன்னொருக்கா அந்தப் புள்ள வாவிப் பக்கம் ஓடிச்செண்டா நான் பொறுப்பெடுக்க ஏலா. தாய்க்காரியிட்டயும் சொல்லிட்டன். வீட்டில வச்சிக்கொள்ளச் சொல்லி."

விஷயம் அவ்வளவுதான். பிள்ளை வகுப்பில் இருப்பதா, வீட்டில் இருப்பதா என்பது அந்த இரும்பு எந்த மரத்தில் தொங்குகிறது என்பதில் இருந்தது.

கம்சாயினிக்கு ஏழு வயது. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். கேட்ட கேள்வியின் கடைசிச் சொல்லையே பதிலாகத் தருவாள். "சாப்பிட்டியா?" என்றால் "சாப்பிட்டியா" என்பாள். ஆனால் இலக்கங்களை அச்சடித்தது போல எழுதுவாள். பெரிய வீதியில் போகும் பஸ் எந்த ஊர்ப் பஸ் என்பதைப் பார்க்காமலே சொல்வாள். மணி அடித்தால் மட்டும் வீரிட்டுக் கத்துவாள், சுவரில் தலையை மோதுவாள், கதவு திறந்திருந்தால் ஓடுவாள். ஓடினால் வாவி. சென்ற தவணையில் முழங்கால் தண்ணீரில் நின்றவளைத் தோணிக்காரர் ஒருவர் தூக்கிவந்தார்.

ஒருநாள் வகுப்பறையைக் கழுவியபோது பிள்ளைகள் வாசலில் இருந்தார்கள். அன்று மணி அடித்தது; கம்சாயினி கத்தவில்லை. சுலோஜனா அதைக் கவனித்தாள். அடுத்த நாளும் அவளை வாசலில் இருத்திப் பார்த்தாள். சில்வெஸ்டர் பீடியை அணைத்து, எழுந்து, சாரத்தைச் சரிசெய்து, இரும்புக் கம்பியை எடுப்பது அங்கிருந்து தெரிந்தது. கம்சாயினி அதைப் பார்த்ததும் இரண்டு காதையும் தானே பொத்திக்கொண்டாள். மணி அடித்து முடிந்ததும் கையை எடுத்தாள். சத்தம் அவளுக்கு நோவுதான். ஆனால் சொல்லாமல் வரும் சத்தம்தான் அவளை ஓட வைத்தது.

யன்னலோரம் அவளுடைய இடம். அதை விட்டு அவள் நிரந்தரமாக எழும்ப மாட்டாள். யன்னலில் இருந்து வாகை மரம் தெரியாது. எனவே சில்வெஸ்டர் எழுவதை வாசலில் நின்று சுலோஜனா பார்த்து, கரும்பலகை துடைக்கும் சிவப்புத் துணியை உயர்த்திப் பிடித்தாள். கம்சாயினி காதைப் பொத்தினாள். ஒரு வாரத்தில் அது வகுப்பு முழுவதற்கும் விளையாட்டாகியது. துணி உயர்ந்தால் எல்லாப் பிள்ளைகளும் காதைப் பொத்தினார்கள். பிறகு அது விளையாட்டும் இல்லை, பழக்கம். சோறு தின்னக் கை கழுவுவது போல.

ஆனால் சுலோஜனா கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது சில்வெஸ்டர் எழுந்துவிடுவதும் உண்டு. அதனால்தான் இரும்பு கொஞ்சம் தள்ளிப் போனால் நல்லது என்று நினைத்தாள். அதிபர் மறுத்ததும், மேற்பார்வைக்கு வந்த வலய அதிகாரியிடம் கேட்டாள். அதுதான் அவள் விட்ட பிழை.

அதிகாரியின் பெயர் ஜெயரூபன். உளசமூக இணைப்பாளர். அவருடன் ஒரு உதவி நிறுவனத்தின் திட்ட அலுவலர் றொனால்டும் வந்திருந்தார். பிள்ளையின் தாய் புஸ்பத்தையும் கூப்பிட்டார்கள்.

"இந்தப் புள்ள சுனாமியா, யுத்தமா?" என்று ஜெயரூபன் கேட்டார்.

சுலோஜனாவுக்கு விளங்கவில்லை. "கம்சாயினி, சேர்."

"பேர் கேக்கல்ல ரீச்சர். எதால பாதிக்கப்பட்ட?"

"ஒண்டாலயும் இல்ல சேர்," என்றாள் புஸ்பம். "பிறந்ததில இரிந்தே இப்பிடித்தான். ரெண்டு வயசிலயே கூப்பிட்டா திரும்பிப் பாக்காது. கடல் வந்தது அதுக்குப் பிறகு."

"கடல் உங்கட வளவுக்க வந்ததா?" றொனால்ட் பேனையைத் திறந்தார்.

"கிணத்தடி மட்டும் வந்த."

"அப்ப சரி."

"இல்ல சேர், அதுக்கு முன்னமே..."

"அம்மா, முன்னமே எண்டதுக்கு எங்களிட்டக் காசில்ல," என்று றொனால்ட் பொறுமையாக விளங்கப்படுத்தினார். "சுனாமிக் காசு இந்த டிசம்பர் மட்டும் இரிக்கு. யுத்தக் காசு யுத்தம் முடியிற மட்டும் இரிக்கு. பிறந்ததுக்கு ஒருத்தரும் இன்னும் காசு தரல்ல."

புஸ்பம் தலையாட்டினாள். நிவாரணம் எடுத்துப் பழகியவர்கள் தலையாட்டக் கற்றிருந்தார்கள்.

சுலோஜனா தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னாள்: "சேர், காசு தேவையில்ல. அந்த மணிய மற்ற மரத்தில கட்டினாப் போதும்."

இரு அதிகாரிகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். காசு தேவையில்லை என்று சொன்ன ஆளை அவர்கள் அதுவரை கண்டதில்லை.

"ரீச்சர்," என்றார் ஜெயரூபன், "எங்களிட்டக் குடுக்கிறதுக்குத்தான் திட்டம் இரிக்கு. எடுத்து வைக்கிறதுக்குத் திட்டம் இல்ல. இருக்கிற மணிய எடுக்கோணுமெண்டா, வேற ஏதாவது ஒண்ட நாங்க தரோணும்."

முதலில் அவர்கள் தந்தது ஒரு செயலமர்வு. மட்டக்களப்பு நகரத்தில், வாவியைப் பார்த்த ஹோட்டல் ஒன்றில், மூன்று நாள். தலைப்பு "ஓட்டிசம் உள்ள மாணவரைப் புரிந்துகொள்ளலும் வகுப்பறை ஆதரவும்." சுலோஜனாவுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. தன் வகுப்புப் பிள்ளையின் நிலைக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே அவளுக்குப் பெரிய விஷயம்.

கொழும்பில் இருந்து பயிற்சி நடத்த வந்த வளவாளர் நல்ல விஷயங்கள் சொன்னார். திரையில் ஒவ்வொன்றாக வந்தன. மாற்றம் வருமுன் பிள்ளைக்கு அறிவியுங்கள். இருக்கும் இடத்தை மாற்றாதீர்கள். சத்தத்தைக் குறையுங்கள். சிறிய வசனங்களில் பேசுங்கள். கண்ணைப் பார்க்கும்படி வற்புறுத்தாதீர்கள். சுலோஜனா எல்லாவற்றையும் எழுதினாள். பாதியைத் தான் செய்துகொண்டிருப்பதைக் கண்டு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஒவ்வொரு திரைக்குப் பிறகும் ஒரு செயற்பாடு வந்தது. "இருக்கும் இடத்தை மாற்றாதீர்கள்" முடிந்ததும் எல்லாரையும் எழும்பி வேறு கதிரைக்கு ஓடச் சொன்னார்கள். "வற்புறுத்தாதீர்கள்" முடிந்ததும் இருவர் இருவராக நின்று, கண் இமைக்காமல் ஒருவரை ஒருவர் பார்க்க வைத்தார்கள். சுலோஜனாவுக்கு வாய்த்தவர் உன்னிச்சைப் பக்கத்து ஆசிரியர் ஒருவர். இரண்டு பேரும் வியர்த்துப்போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். ஆட்கள் தூங்கி விழுந்தால் வளவாளர் முன்னறிவிப்பு இல்லாமல் மேசையில் ஓங்கி அடித்து, "எனர்ஜி! எனர்ஜி!" என்று கத்தினார். சத்தத்தைக் குறைப்பது பற்றிய பகுதி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்ததால், அதில்தான் அதிகம் அடித்தார்.

கடைசி நாள் சுலோஜனா கையை உயர்த்தினாள். "எங்கட பாடசாலையில மணி வகுப்புக்குப் பக்கத்தில..."

"மிக அருமையான கேள்வி!" என்றார் வளவாளர். சுவரில் ஒட்டியிருந்த ஒரு பெரிய தாளைக் காட்டினார். மேலே "வாகனத் தரிப்பிடம்" என்று எழுதியிருந்தது. பதில் சொல்ல நேரமில்லாத கேள்விகளை அங்கே நிறுத்தி வைப்பது வழக்கமாம். சுலோஜனா போய் "மணி" என்று எழுதிவிட்டு வந்தாள். மாலையில் எல்லாரும் குழுப்படம் எடுத்துக் கலைந்தபோதும் அந்தத் தரிப்பிடத்தில் ஒரே ஒரு வாகனம் நின்றுகொண்டிருந்தது.

பாடசாலைக்குத் திரும்பினால், யன்னலோரக் கதிரை வெறுமையாக இருந்தது. கம்சாயினியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ரீச்சர் படித்த நாட்களில் கம்சாயினியைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கவில்லை. பதிலுக்கு வந்த ஆசிரியை துணியை உயர்த்தவில்லை. பிள்ளையை முன்வரிசைக்கு இழுத்து இருத்தியிருந்தாள். பிள்ளை மேசைக்குக் கீழே போய்க் கிடந்தாள்; பிறகு வீட்டை விட்டு வரவில்லை.

"நெத்தியில காயம் ரீச்சர்," என்றாள் புஸ்பம். "இனி நீங்க எங்கயும் போய்ப் படிக்காதீங்க. இரிக்கிற படிப்பே போதும்."

சுலோஜனா இரண்டு வாரம் தினமும் அந்த வீட்டுக்குப் போனாள். சிவப்புத் துணியையும் கொண்டுபோனாள். மெல்ல மெல்லப் பிள்ளை யன்னலுக்குத் திரும்பினாள். நூறு வரை எழுதினாள். பக்கத்தில் இருந்த மதுஷாவின் பென்சிலை வாங்கி, திருப்பியும் கொடுத்தாள். இது பெரிய சம்பவம். அன்று சுலோஜனா தனியாகப் போய்க் கிணற்றடியில் நின்று அழுதுவிட்டு வந்தாள்.

அப்போதுதான் அடுத்த கொடை வந்தது. டிசம்பருக்குள் சுனாமிக் காசை முடிக்க வேண்டும் என்பதால் அது வேகமாக வந்தது. இரண்டாம் வகுப்புக்குப் பக்கத்தில் ஒரு அறை எழும்பியது. இளநீலச் சுவர், தடித்த திரைச்சீலை, மெத்தை, மூலையில் ஒரு சின்னக் கூடாரம். கதவில் "அமைதி அறை" என்று எழுதினார்கள். மேலே ஒரு புதிய நாட்டின் கொடி.

சுலோஜனா உள்ளே போய் நின்று பார்த்தாள். உண்மையிலேயே அமைதியாக இருந்தது. தான் அவசரப்பட்டு இவர்களைத் தவறாக நினைத்துவிட்டேனோ என்று அவளுக்குத் தோன்றியது.

"எப்ப புள்ளய உள்ளுக்க விடலாம் சேர்?"

"திறந்த பிறகு," என்றார் அதிபர்.

"திறந்துதானே கிடக்கு?"

"திறப்பு விழா நடந்த பிறகு புள்ள. கதவு திறந்து கிடந்தா, அறை திறந்ததாகுமா?"

திறப்பு விழாவுக்கு வாத்தியக் குழு வந்தது. வாழைக்குலை கட்டினார்கள். வாகை மரத்தில் இரண்டு ஒலிபெருக்கி கட்ட இடம் போதாமல் தண்டவாளத் துண்டைக் கழற்றிக் களஞ்சியத்தில் போட்டார்கள். அன்றைய நிகழ்ச்சிநிரலில் அது ஒரு வரியாக இருந்தது: ஆசிரியரின் வேண்டுகோளின்படி பழைய மணி அகற்றப்படல். அதற்குக் கீழே அடுத்த வரி: நன்கொடையாகக் கிடைத்த மின்சார சைரனைப் பிரதம அதிதி இயக்கி வைத்தல்.

சைரன் இரண்டாம் வகுப்புக் கூரையில் இருந்தது.

"சேர்," என்றாள் சுலோஜனா. "புள்ளய இண்டைக்கு வீட்ட விடுவம்."

"என்ன கதை இது! பயனாளி இல்லாம விழாவா? ஒரு அறைக்கு ஒரு பயனாளிதான் இரிக்கு. அதையும் வீட்ட விட்டா நான் யாரைக் காட்டுற? மாலை போடுறதே அந்தப் புள்ளதான்."

பிரதம அதிதிக்கு மாலையைப் புஸ்பம் பிள்ளையின் கையைப் பிடித்துப் போட்டுவிட்டாள். பிறகு கம்சாயினி தன் வகுப்புப் பிள்ளைகளுடன் பந்தலின் ஓரத்தில் இருந்தாள். சுலோஜனா எதிரே தூணோடு ஒட்டி நின்றாள். பையில் சிவப்புத் துணி இருந்தது. பாதுகாப்புக்கு வந்தவர்கள் வாசலில் துவக்குடன் நின்றார்கள்.

ஜெயரூபன் பேசினார்: "சத்தம் இந்தப் பிள்ளைகளைத் துன்புறுத்துகிறது. இதை நான் எத்தனை மேடைகளில் உரத்துச் சொல்லியிருக்கிறேன்!"

றொனால்ட் பேசினார்: "இந்தச் சிறுமியைச் சுனாமி தாக்கியது. அவளுக்காக நாங்கள் வந்தோம். சுனாமி தாக்கியிராவிட்டால் நாங்கள் வந்திருக்க மாட்டோம்."

பிரதம அதிதி பேசினார். அவர் நீண்ட நேரம் பேசினார். "அமைதியின் அருமையை விளக்க எனக்கு ஒரு மணித்தியாலம் போதாது," என்றார், போதவில்லைதான். வெயில் பந்தலுக்குள் வந்துவிட்டது. ஒலிபெருக்கி கூவியது. கம்சாயினி ஆடத் தொடங்கினாள், முன்னும் பின்னும். மதுஷா மெல்ல அவள் பக்கம் நகர்ந்து வெயிலை மறைத்தாள்.

"இந்தப் பிள்ளைகளின் குரலைக் கேட்பதற்காகத்தான் நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம்," என்று பிரதம அதிதி முடிவுக்கு வந்தார். "அவர்களும் எங்கள் குரலைக் கேட்க வேண்டும். என் அன்புச் செல்வங்களே, எனக்குச் செவி கொடுங்கள்!"

பேசிக்கொண்டே விரலை சைரன் பொத்தானில் வைத்தார். சுலோஜனா விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். யோசிக்கவில்லை. பையில் இருந்த சிவப்புத் துணியோடு கை தானாக உயர்ந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் காதைப் பொத்தினார்கள்.

பிரதம அதிதியின் வாய் திறந்தபடி நின்றது. வாசலில் ஒருவர் தோளில் கிடந்த துவக்கைக் கைக்கு மாற்றினார். அதன் பிறகுதான் சைரன் கேட்டது.

தண்டவாளத் துண்டு ஆறு முறை அடித்தால் முடிந்துவிடும். சைரன் முடியவில்லை. கைகள் போதவில்லை. கம்சாயினி எழுந்து ஓடினாள். சுலோஜனா வாவிப் பக்கம் பாய்ந்தாள். ஆனால் பிள்ளை வாவிக்கு ஓடவில்லை. நேரே அமைதி அறைக்கு ஓடினாள். வாசலில் கட்டியிருந்த சிவப்பு நாடா அவள் நெஞ்சில் பட்டு அறுந்தது. உள்ளே போய்க் கூடாரத்துக்குள் நுழைந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். சத்தம் அங்கே குறைவு. அவள் கத்துவதை நிறுத்தினாள்.

அந்த அறை அன்று வேலை செய்தது. அதைக் கண்டவள் பின்னால் ஓடிவந்த சுலோஜனா மட்டும்தான்.

"புள்ளய வெளியே எடுங்க!" ஜெயரூபன் மூச்சு வாங்க வந்தார். "அறை இன்னும் திறக்கயில்ல!"

"சேர், அவ இப்ப..."

"நாடா அறுந்துட்டு! நாடா எங்க?"

பிள்ளையைக் கூடாரத்துக்குள் இருந்து இழுத்து எடுத்தார்கள். அவள் ஜெயரூபனின் கையைக் கடித்தாள். நாடாவை முடிச்சுப் போட்டுத் திரும்பக் கட்டினார்கள். பிரதம அதிதி முடிச்சுக்குச் சற்றுப் பக்கத்தில் வெட்டினார். கைதட்டல் கேட்டது. படம் எடுத்தார்கள். படத்தில் பயனாளி இல்லை. அவளைப் புஸ்பம் தோளில் போட்டுக்கொண்டு, வாவிக்கரையால் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள்.

விசாரணை வலய அலுவலகத்தில் நடந்தது. மூன்று பேர் இருந்தார்கள். பதிவுக்குப் போக வேண்டும் என்பதால் அவர்கள் எழுத்துத் தமிழில் கேட்டார்கள்.

"சிவப்பு நிறத்தை ஏன் தெரிவுசெய்தீர்கள்?"

"கரும்பலகை துடைக்கிற துணி சேர்."

"வேறு நிறத்தால் கரும்பலகையைத் துடைக்க முடியாதா?"

"துடைக்கலாம் சேர்."

"துடைக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறார்," என்று தலைவர் எழுதுபவரிடம் சொன்னார். "யாருக்குக் காட்டிய சைகை அது?"

"புள்ளைகளுக்கு சேர். சத்தம் வரப்போகுது எண்டு."

"பிரதம அதிதி உரையாற்றும்போது பிள்ளைகள் காதைப் பொத்தியது தற்செயலா?"

"இல்ல சேர். பழக்கம்."

"பெரியவர்கள் பேசும்போது காதைப் பொத்துவது உங்கள் வகுப்பில் பழக்கமா?"

சுலோஜனா எழுதுபவரின் பேனையைப் பார்த்தாள். அந்தக் காலத்தில் அந்த மாவட்டத்தில் கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்களும் காணாமல் போயிருந்தார்கள், சொல்லாதவர்களும் போயிருந்தார்கள். வெளியே வாங்குப் பலகையில் அதிபர் நல்லரத்தினம் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முடிவு மென்மையாகவே வந்தது. அந்தப் பாடசாலைக்கு வேறு யாரும் வர மறுப்பதால் ஆசிரியருக்கு இடமாற்றம் இல்லை. சிவப்புத் துணி சான்றுப்பொருளாக வைத்துக்கொள்ளப்படும். பிள்ளைகள் இனிக் காதைப் பொத்தக் கூடாது. பயனாளி அமைதியற்ற நிலையில் காணப்பட்டதால், அறையிலுள்ள பொருட்களின் பாதுகாப்பைக் கருதி, அமைதியாக இருக்கும் பிள்ளைகள் மட்டுமே அமைதி அறைக்குள் அனுமதிக்கப்படுவர். கொழும்பில் இருந்து நிபுணர் வந்து பரிசோதிக்கும் வரை பயனாளி வீட்டில் இருப்பது நல்லது.

நிபுணர் வரவில்லை. அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். அதன் முன்னேற்ற அறிக்கையைச் சுலோஜனா மாதம்தோறும் அனுப்ப வேண்டியிருந்தது. அவள் பொய் எழுதவில்லை. "அறை மிக அமைதியாக உள்ளது," என்று எழுதினாள். அதற்குப் பாராட்டும் வந்தது.

சைரன் ஒவ்வொரு பாடவேளைக்கும் ஊதியது. வாவிக்கு அந்தப் பக்கம் வயலில் நின்றவர்கள் அதைக் கேட்டுச் சோற்றுப் பெட்டியைத் திறந்தார்கள். அந்த வருட மாரியில் மரங்கள் விழுந்து கரண்ட் அடிக்கடி நின்றது. கரண்ட் நின்றால் சைரன் இல்லை. தண்டவாளத் துண்டு களஞ்சியத்தில், களஞ்சியச் சாவி வலய அலுவலகத்தில். எனவே சில்வெஸ்டர் வகுப்பு வகுப்பாக நடந்து, "முதலாம் பாடம் முடிஞ்சி புள்ளைகள்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படியான ஒரு நாளில் யன்னல் பக்கம் கதிரை இழுபடும் சத்தம் கேட்டு சுலோஜனா திரும்பினாள். கம்சாயினி இருந்தாள். புஸ்பம் வாசலில் மழையில் நின்றாள்.

"என்னக்கா, எப்பிடி?"

"நான் கூட்டிவரல்ல ரீச்சர். இவதான் என்னைக் கூட்டிவந்த." புஸ்பம் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பு. "வீட்டில நிவாரண ஃபான் ஒண்டு இரிக்கெல்லோ. பகல் முழுக்க அதுக்குக் கீழதான் படுத்துக் கிடப்பா, சுத்துறதப் பாத்துக்கிட்டு. அது நிண்டா சைரன் இல்லயெண்டு எப்பிடியோ கண்டுபிடிச்சிட்டா. ஃபான் நிண்டோடன புத்தகப் பையை எடுத்து என்ட கையில தாறா."

அன்றிலிருந்து கம்சாயினியின் கல்வி மின்சாரசபையின் பொறுப்பில் நடந்தது. காற்றடித்தால் அவள் கழித்தல் படித்தாள். மின்மாற்றி எரிந்த வாரம் பெருக்கலுக்குப் போனாள். ஊர் முழுவதும் கரண்ட்காரரைத் திட்ட, இரண்டு பெண்கள் மட்டும் வானத்தைப் பார்த்துக் கருமேகத்துக்காகக் காத்திருந்தார்கள்.

மே மாதம் யுத்தம் முடிந்தது என்று சந்தியில் வெடி கொளுத்தினார்கள். கம்சாயினி கட்டிலுக்கு அடியில் கிடந்தாள். ஊரில் வேறு பலரும் அன்று வெளியே வரவில்லை. அவர்களைப் பற்றி யாரும் அறிக்கை கேட்கவில்லை.

அடுத்த மாதம் றொனால்டும் ஜெயரூபனும் மதிப்பீட்டுக்கு வந்தார்கள். யுத்தம் முடிந்துவிட்டதால் யுத்தக் காசையும் முடிக்க வேண்டியிருந்தது. வரவுப் பதிவை விரித்த றொனால்டின் புருவம் உயர்ந்தது.

"இந்தப் புள்ள சில நாள் வருது, சில நாள் வரல்ல. என்ன காரணம்?"

சுலோஜனா யோசித்தாள். கேட்டதெல்லாம் என்னவாக மாறி வந்தது என்பது அவளுக்குத் தெரியும். ஒன்றும் இல்லை சேர் என்று சொல்லிவிடலாம். ஆனால் இந்த முறை அவள் எதையும் கேட்கப்போவதில்லை; கண்டதைச் சொல்லப்போகிறாள். அதில் என்ன பிழை வரும்?

"கரண்ட் இல்லாத நாளில வருது சேர். சைரன் ஊதாட்டி வருது. ஊதினா வரல்ல." அவள் வாழ்க்கையில் ஒரு அதிகாரியிடம் அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

றொனால்ட் எழுதினார். திரும்பத் திரும்பப் பதிவைப் பார்த்துச் சரிபார்த்தார். முகம் மலர்ந்தது. "சேர், இதப் பாருங்க! ரீச்சர் சொல்றது சரி. ஒண்டும் பிழைக்கல்ல."

ஜெயரூபனும் குனிந்து பார்த்தார்.

"ஓமோம்," என்றார் ஜெயரூபன் மெதுவாக. "இது பெரிய குறைபாடு. பயனாளி வாற நாளெல்லாம் பாத்து நம்மட உபகரணம் வேலை செய்யாம இரிக்கு."

"பற்றரி போட்டாச் சரி சேர்," என்றார் றொனால்ட். "கரண்ட் போனாலும் ஊதும்."

"நல்லம். ரெண்டாவது கட்டத்தில சேர்ப்பம். ரீச்சர், நீங்க இத எடுத்துச் சொன்னதுக்கு நன்றி."

பற்றரி ஒரு வெள்ளை வான் வண்டியில் வந்தது. பொருத்தியவர்கள் போன மறுநாள் காலையில் கரண்ட் நின்றது. சுலோஜனா வகுப்பு வாசலுக்கு வந்தாள். கூரையில் சைரனுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. வாவிக்கரைப் பாதையில் கம்சாயினி வந்துகொண்டிருந்தாள். முதுகில் புத்தகப் பை. கைகள் இரண்டும் தளர்ந்து தொங்கின. பின்னால் புஸ்பம், குடையோடு.

சில்வெஸ்டர் பீடியை அணைத்தார். எழுந்தார். சாரத்தைச் சரிசெய்தார். பொத்தானை நோக்கி நடந்தார்.

துணி சான்றுப்பொருளாகப் போய்விட்டது. சுலோஜனா வெறுங்கையை உயர்த்தினாள். வகுப்பு முழுவதும் காதைப் பொத்தியது, மறந்திருக்கவில்லை. பாடசாலை வாசலுக்கு வந்துவிட்ட கம்சாயினி அரைச்சுவருக்கு மேலாகப் பிள்ளைகளின் கைகளைக் கண்டாள். ஒரு அடி முன்னால் வைத்த காலை அப்படியே நிறுத்தினாள். இரண்டு கையும் காதுக்குப் போயின.

சைரன் ஊதியது.

அவள் உள்ளே வரவில்லை. திரும்பிப் போகவும் இல்லை. சைரன் ஓய்ந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள். அவள் எடுக்கவில்லை. சுலோஜனா படியை விட்டு இறங்கி மெதுவாக வாசலை நோக்கி நடந்தாள்.

அதிபரின் அறையில் தொலைபேசி மணி அடித்தது. யன்னல் திறந்திருந்தது, அவருடைய குரல் மைதானம் முழுவதும் கேட்டது.

"ஓம் சேர், வேலை செய்யுது சேர். கரண்ட் இல்லாமலே ஊதுது. வாவிக்கு அங்கால வரைக்கும் கேக்கும்... ஓம் சேர், ஓம். பயனாளியும் வந்து வாசல்ல நிக்கிறா."